பூட்டு தொங்கும் நேரம்

அந்த ஆஸ்பத்திரியில் அவளுக்கு எட்டுக்கை சிஸ்டர் என்று பெயர். வைத்த புண்ணியவான் யாரென்று தெரியவில்லை. அவருக்குக் கண்பார்வை மட்டும் நன்றாக இருந்திருக்க வேண்டும். ஒரு கையில் குளுக்கோஸ் பாட்டில். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிய போன். இன்னொரு கை காய்ச்சல்காரரின் நெற்றியில். கால் அதுபாட்டுக்கு எச்சில் கிண்ணத்தைக் கட்டிலுக்கடியில் தள்ளிக்கொண்டிருக்கும். வார்டு வாசலில் எட்டிப் பார்க்கும் சொந்தக்காரரிடம் "பார்க்கற நேரம் சாயங்காலம்தான், இப்ப கிளம்புங்க" என்பாள்; அதே மூச்சில் போனில் மகளிடம், "பால் பிரிட்ஜ்ல இருக்கு, காய்ச்சிக் குடி" என்பாள். பார்க்கிறவர்களுக்குத் தலை சுற்றும். அவளுக்கோ அதில் பெருமை பிடிபடாது.

ஆனால் அந்தப் பெருமைக்கு ஒரு விலை இருந்தது. படுக்கையில் சாய்ந்தாலும் வார்டு தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரே நேரத்தில் எல்லா ஸ்டேஷனும் பாடும் ரேடியோ ஒன்று மண்டைக்குள் இருப்பதாக அவளே சொல்வாள். அதை நிறுத்தும் திருகு எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. எல்லார் தலையும் இப்படித்தான் இருக்கும் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தாள்.

வாய்த்த கணவரோ நேர் எதிர். அவர் லிஃப்ட் மெக்கானிக். உயரமான கட்டடங்களில் லிஃப்ட் மக்கர் செய்தால் போய்ச் சரிசெய்வது அவர் பிழைப்பு. வீட்டில் ஒரு குழாய் ஒழுகினாலும் மனிதர் முதலில் தரையில் பழைய துண்டை விரிப்பார். ஸ்பேனரிலிருந்து திருப்புளிவரை அதன்மேல் வரிசையாக வைப்பார். மாடிக்குப் போய்த் தண்ணீரை மூடி, மூடிய வால்வில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டு வருவார். அதற்குப் பிறகுதான் குழாயில் கை வைப்பார். நடுவில் கூப்பிட்டால் திரும்ப மாட்டார்.

"ஒரு வாஷர் மாத்தறதுக்கு ஊரையே நிறுத்தணுமா?" என்று அவள் நொடிப்பாள். அதற்கு அவர் சிரிப்பார். அந்தச் சிரிப்பும் குழாய் வேலை முடிந்த பிறகுதான் வரும்.

அவர் வேலை நேரத்தில் அவள் அடித்த போன் எதையும் கல்யாணமான நாளிலிருந்து அவர் எடுத்ததே கிடையாது. முடித்துவிட்டு அவராகத்தான் கூப்பிடுவார். அவளோ அவர் பெயரைத் திரையில் பார்த்தால் முதல் மணியிலேயே எடுத்துவிடுவாள், கையில் ஊசி இருந்தாலும் சரி. "என்னை மாதிரி எட்டுக் கை உங்களுக்கு எங்க இருக்கு? இருக்கற ரெண்டும் கூப்பிட்டாலும் வராது" என்று அவள் சொல்லாத வாரமே இல்லை.

இப்படி இருந்தவளுக்குத்தான் அந்த வியாழக்கிழமை வந்தது.

காலை மருந்து ரவுண்டு. கதவோரப் படுக்கையில் ஒரு சர்க்கரை நோயாளி. அவருக்கு இன்சுலின் போட வேண்டும். மருந்தை ஊசியில் ஏற்றிக்கொண்டு போய், அவர் கையில் கட்டியிருந்த பெயர்ப்பட்டையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே சின்ன டாக்டர் கூப்பிட்டார். ரெண்டே நிமிஷம் என்றார். அதை முடிப்பதற்குள் போன். போனைக் காதில் வைத்துக்கொண்டே நடக்கும்போது, ஜன்னலோரப் படுக்கையில் கிடந்த கிழவரின் மனைவி, "சிஸ்டர், பாட்டில் தீரப் போகுது பாருங்க" என்றாள். அங்கே போய்ப் பாட்டிலை மாற்றினாள். மருந்துத் தட்டு கையிலேயே இருந்தது. பெயர்ப்பட்டையைப் பார்த்தாயிற்று என்ற நினைப்பு மனதில் பத்திரமாக இருந்தது. யாருடைய பட்டை என்பதுதான் இல்லை.

கிழவரின் கையைப் பிடித்துப் பஞ்சால் துடைத்தாள். "சர்க்கரைக்கு ஊசி, கையை விறைக்காதீங்க" என்றாள்.

கிழவர் வாழ்நாள் முழுக்க பஸ் ஓட்டியவர். நெஞ்சுச் சளி முற்றிப் படுத்திருந்தார். காலையிலிருந்து ஒரு வாய் சாப்பிடவில்லை. அவர் கையை மெல்ல இழுத்துக்கொண்டார்.

"ரூட் மாறி வந்துட்டியேம்மா," என்றார். "சர்க்கரை எனக்குக் கிடையாது. அது அந்தக் கதவோரத்து ஆளுக்கு."

வெறும் வயிற்றில் கிடக்கும் மனிதர் உடம்பில் அந்த மருந்து இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அவள் எத்தனையோ பயிற்சி மாணவிகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். ஊசியைத் தட்டில் வைத்தாள். வைத்த கை நடுங்கிற்று. முதலில் விரல்கள், பிறகு மணிக்கட்டு. இன்னொரு கையால் அழுத்திப் பிடித்துப் பார்த்தாள். அந்தக் கையும் சேர்ந்து நடுங்கியது.

யாரும் பார்க்கவில்லை. கிழவரும் அதைப் பெரிதுபடுத்தாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆனாலும் அவள் நேராக மேட்ரன் அறைக்குப் போய், நடந்ததை நடந்தபடி சொன்னாள். அந்த நேர்மைக்காக அவளை எவ்வளவு வேண்டுமானாலும் மெச்சலாம்.

மேட்ரன் வார்த்தையை அளந்து பேசுகிற அம்மாள். "நீயே வந்து சொன்ன. அதை நான் மறக்க மாட்டேன்," என்றார். "ஆனா ஆடற கையில ஊசியைக் கொடுக்க முடியாது. நாளையில இருந்து வீட்ல இரு. திங்கக்கிழமை காலையில வா. மருந்து ரவுண்டு நீ போ, நான் கூட நின்னு பார்க்கறேன். கை நின்னுச்சுன்னா வார்டு உன்னுது. நிக்கலன்னா ரெக்கார்ட் ரூம்ல ஒரு நாற்காலி காலியா இருக்கு."

ரெக்கார்ட் ரூம் ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருந்தது. அங்கே பழைய காகிதங்களுக்கும் டியூப் லைட்டுக்கும் மட்டும்தான் துணை தேவை. சிஸ்டர் என்று கூப்பிட அங்கே ஒரு ஜீவன் கிடையாது. அவளுக்கு இருந்தது இந்த ஒரு வேலை. அது போனால் தான் யார் என்றே அவளுக்குத் தெரியாது.

மறுநாள் காலை அவள் வழக்கம்போல யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்பினாள். லீவு என்று கணவரிடம் சொல்லவில்லை. எந்த வாயால் சொல்வது? மெதுவாக வேலை செய்கிறார் என்று காலமெல்லாம் அவரைக் கிண்டல் செய்த வாய் ஆயிற்றே. தெருத்தெருவாக நடந்தாள். ஒரு டீக்கடையில் கண்ணாடி டம்ளரைத் தூக்கினாள். டீ தளும்பி விரலில் கொட்டியது. பக்கத்தில் நின்றவர் பார்த்ததைப் பார்த்துவிட்டு, குடிக்காமலே வைத்துவிட்டு நடந்தாள். கால்கள் தாமாக அவர் அந்த வாரம் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஆபீஸ் கட்டடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தின.

கீழே லிஃப்ட் கதவில் 'வேலை நடக்கிறது' என்று அட்டை மாட்டியிருந்தது. போன் செய்தாள். அவர் எடுக்கவில்லை. எடுத்தால்தானே அதிசயம். அந்த நேரத்திலும் அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பெண்டாட்டி செத்தாலும் எடுக்க மாட்டார் என்று முனகிக்கொண்டே மாடிப்படி ஏறினாள். மாடிக்கு மாடி நின்று மூச்சு வாங்கினாள். உச்சி மாடியை எட்டியதும், அவர் இருக்கிற இடம் தெரிவதற்காக மறுபடியும் போன் போட்டாள்.

மணிச்சத்தம் பக்கத்திலேயே கேட்டது.

லிஃப்ட் வாசலை ஒட்டிச் சுவரில் ஓர் இரும்புப் பெட்டி. லிஃப்டுக்குக் கரண்ட் போகும் சுவிட்ச் அதற்குள்தான் இருக்கும் போலிருந்தது. பெட்டியின் கொக்கியில் ஒரு துணிப்பை தொங்கியது. அதற்குள் அவருடைய போன் அடித்துக்கொண்டிருந்தது. பையின் பக்கத்தில் உள்ளங்கை அகலத்தில் ஒரு சிவப்புப் பூட்டு. பூட்டில் ஓர் அட்டை. 'உள்ளே ஆள் இருக்கிறார். சாவி அவரிடம் மட்டுமே உள்ளது' என்று அதில் அச்சடித்திருந்தது. அதற்குக் கீழே ஒரு போட்டோ. மகள் சின்னக் குழந்தையாக இருந்தபோது எடுத்தது. மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருக்கிறாள். பல்லெல்லாம் தெரிகிறது, இதை யாருக்கும் காட்டாதீர்கள் என்று அவள் அன்றைக்கே சொன்ன போட்டோ.

அவள் போனை அணைத்தாள். லிஃப்ட் கதவு திறந்திருந்தது. யாரும் தவறி விழாமல் இருக்கக் குறுக்கே இரும்புத் தடுப்பு வைத்திருந்தார்கள். தடுப்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே குனிந்து பார்த்தாள்.

தினமும் ஏறி இறங்கும் பெட்டிக்குப் பின்னால் இப்படி ஓர் உலகம் இருக்கும் என்று அவள் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. கட்டடத்தின் முழு உயரத்துக்கும் ஓர் இருட்டு நின்றது. கருத்த இரும்பு வடங்கள் மேலிருந்து இறங்கி, அவள் நின்ற மாடிக்குச் சற்றுக் கீழே நின்றிருந்த லிஃப்ட் பெட்டியைத் தாங்கிக்கொண்டிருந்தன. அந்தப் பெட்டியின் கூரைமேல் ஒரு விளக்கு. விளக்கு வெளிச்சத்தில் அவர் மண்டியிட்டிருந்தார். இடுப்பில் கட்டிய பெல்ட்டின் கொக்கி ஒரு கம்பியில் மாட்டியிருந்தது. பக்கத்தில் அந்தப் பழைய துண்டு. துண்டின்மேல் சாமான்கள், வீட்டில் குழாயடியில் வைப்பாரே, அதே வரிசையில்.

கூப்பிடத்தான் வாயைத் திறந்தாள். கூப்பிடாமலே மூடிக்கொண்டாள்.

அவர் ஒரு திருகாணியை இறுக்கிக்கொண்டிருந்தார். இறுக்கி முடித்ததும் அதைக் கட்டைவிரலால் தொட்டுப் பார்த்தார். ஸ்பேனரைத் துடைத்துத் துண்டில் அதன் இடத்தில் வைத்தார். அடுத்ததை எடுத்தார். அவ்வளவுதான். கதை சொல்ல அதில் ஒன்றுமே இல்லை. ஆனால் அவள் கண்ணை எடுக்க முடியாமல் நின்றாள். அந்தக் கைகளில் அவசரமும் இல்லை, சோம்பலும் இல்லை. முகத்தில் ஒரு சுருக்கம் கிடையாது. ஆழத்தில் எங்கேயோ ஒரு கதவு சாத்தும் சத்தம் எழும்பி வந்தது, அவர் நிமிரவில்லை. காலடியில் அவ்வளவு பெரிய பள்ளம், தலைக்கு மேல் அவ்வளவு கனத்த இரும்பு, நடுவில் அவர் தன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருப்பவரைப் போல இருந்தார். இத்தனை வருஷமாக ஒரே தட்டில் சாப்பிட்டவர். இந்த முகத்தை அவள் பார்த்ததே இல்லை. பார்க்கவிடாமல் ஓயாமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது வேறு யார், அவள்தான்.

பின்னால் மூச்சிரைக்க யாரோ வந்தார்கள். கட்டட மேனேஜர். கையில் போன், நெற்றியில் வியர்வை.

"அவரு போனை எடுக்கவே மாட்டேங்கறாரு," என்றார் யாரிடம் என்றில்லாமல். "டைரக்டர் கீழ வந்து நிக்கறாரு. ரெண்டே நிமிஷம் கரண்ட்டப் போட்டா மேல வந்துடுவாரு. அப்புறம் இவரு பாட்டுக்கு வேலையைப் பார்க்கட்டும். நீங்க யாரு? நர்ஸா? யாருக்காவது அடிபட்டுடுச்சா?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகல. அதுக்குத்தான் அந்தப் பூட்டு," என்றாள் அவள். தன் குரல் இவ்வளவு நிதானமாக வந்தது அவளுக்கே புதுசாக இருந்தது.

"ரெண்டு நிமிஷம்தாங்க."

அந்த ரெண்டு நிமிஷத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். அவள் நாள் முழுவதையும் இப்படி ரெண்டு ரெண்டு நிமிஷமாகத்தான் கேட்டு வாங்கிப் போயிருந்தார்கள். கேட்டவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. கொடுத்தது அவள்.

"சாவி அவர்கிட்ட இருக்கு. அவர் உள்ள இருக்கார். முடிஞ்சாத்தான் ஏறி வருவார்."

"உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

"கட்டிக்கிட்டவ ஆச்சே."

மேனேஜர் அட்டையில் இருந்த போட்டோவைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடி போட்டோவைப் பார்த்தார்.

"அப்ப கொஞ்சம் ஒல்லியா இருந்தேன்," என்றாள். "உங்க டைரக்டருக்குக் கால் நல்லா இருக்கில்ல?"

"இருக்கு."

"நானும் நடந்துதான் ஏறி வந்தேன். ஒண்ணும் ஆயிடல."

மேனேஜர் என்ன நினைத்தாரோ, வந்த வழியே இறங்கிப் போனார்.

வேலை முடிந்து அவர் ஏறி வரும்வரை அவள் அசையவில்லை. அவர் கடைசிச் சாமானையும் துடைத்து வைத்து, துண்டைச் சுருட்டி, கொக்கியைக் கழற்றி மேலே வந்தார். சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தார். அதற்குப் பிறகுதான் அவள் நிற்பதே அவர் கண்ணில் பட்டது. அவள் யூனிஃபார்மைப் பார்த்தார், கையைப் பார்த்தார். துணிப்பையிலிருந்து எடுக்கப்போன போனை மறுபடியும் பைக்குள்ளேயே போட்டார்.

"வா, உக்காரு," என்றார்.

மாடிப்படியில் உட்கார்ந்து அவள் எல்லாவற்றையும் சொன்னாள். பெயர்ப்பட்டை, போன், பாட்டில், கிழவர், ரெக்கார்ட் ரூம். சொல்லும்போது அழுதாள். அவர் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. பிளாஸ்கிலிருந்து டீயைக்கூட ஊற்றவில்லை. குழாய் வேலையைப் பார்ப்பாரே, அப்படி அவள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார். இப்படித் தன் பேச்சை ஒருவர் கேட்டு எவ்வளவு நாள் ஆயிற்று என்று யோசித்தபோது, இவர் எப்போதும் இப்படித்தான் கேட்டிருக்கிறார், நாம்தான் பாதியில் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போயிருக்கிறோம் என்பது அவளுக்கு விளங்கியது.

"உங்களுக்கு எப்படிங்க வந்துச்சு இவ்வளவு பொறுமை?" என்று கேட்டாள்.

"பொறுமையா? பயம்," என்றார் அவர். "வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒரு தடவ, நான் உள்ள இருக்கும்போது யாரோ தெரியாம கரண்ட்டப் போட்டுட்டாங்க. ஒதுங்க இடம் இருந்துச்சு, பொழச்சேன். என் கையும் அன்னிக்கு இப்படித்தான் ஆடிச்சு."

"என்கிட்ட சொல்லவே இல்லையே."

"சொன்னா? அந்த வேலைக்கே போகாதீங்கன்னு ஒத்தக் கால்ல நின்னிருப்பே."

அது உண்மைதான். "கீழ இருக்கும்போது போன் சத்தம் கேக்காதா?" என்றாள்.

"கேக்கும். எதுக்கு நான் கவலைப்படணும்? பூட்டு மேல நிக்குதுல்ல, அது பாத்துக்கும். எனக்கு அந்த போல்ட்டை மட்டும் பாத்தா போதும்."

"எங்களையும் நினைக்க மாட்டீங்களா?"

"மாட்டேன்," என்றார் அவர் பட்டென்று. பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "அதுக்குத்தான் போட்டோவ வெளிய மாட்டிட்டுப் போறது. நீயும் பொண்ணும் வாசல்ல நிக்கறீங்க. அப்புறம் உள்ள கூட்டிட்டுப் போய் என்ன பண்ண?" என்றார்.

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். "பாதியில மேல வர வேண்டியதா போச்சுன்னா?"

"வருவேன். மறுபடி இறங்கினா முதல் போல்ட்ல இருந்துதான் ஆரம்பிப்பேன். இறுக்கிட்டோம்னு மனசு சொல்லும். மனசுக்கு என்ன, அது எதையும் சொல்லும்."

பாதியில் விட்ட ஒன்று முடிந்ததாக முகம் காட்டி அவளை ஏமாற்றியதும் அப்படித்தானே. அவர் கழற்றி வைத்திருந்த பூட்டை அவள் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னொண்ணு இருக்கா?" என்று கேட்டாள்.

எதற்கு என்று அவர் கேட்கவில்லை. கருவிப் பெட்டியைத் திறந்தார்.

திங்கட்கிழமை காலை வார்டில் மருந்து வண்டியின் கைப்பிடியில் ஒரு சிவப்புப் பூட்டு தொங்கியது. அதில் ஓர் அட்டை. அட்டையில் அவள் கணவரின் கம்பெனி அடையாள அட்டைக்காக எடுத்த போட்டோ. உலகத்தில் யாருக்கும் கடன் தரமாட்டேன் என்கிற முகம்.

"யாரு சிஸ்டர் இது? பார்த்தாலே பயமா இருக்கு," என்றாள் உதவிக்கு வந்த ஜூனியர் நர்ஸ்.

"அதுக்குத்தான் மாட்டினேன்," என்றாள் எட்டுக்கை. தன் போனை அவள் கையில் கொடுத்தாள். "இந்தப் பூட்டு தொங்கறவரைக்கும் நான் இங்க இல்ல. யார் கேட்டாலும் நீ எழுதி வை. உயிர் போற விஷயம்னா மட்டும் பூட்டைத் தட்டு."

மேட்ரன் பூட்டைப் பார்த்தார். போட்டோவைப் பார்த்தார். என்ன இது என்று கேட்கிற ஆள் அவர் இல்லை. "ம், ஆரம்பி," என்று சொல்லிவிட்டு ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

முதல் படுக்கையில் கை நடுங்கியது. மருந்துச் சீசாவும் ஊசியும் ஒன்றோடொன்று உரசிச் சத்தம் போட்டன. மேட்ரனுக்குக் கேட்டிருக்கும். அவள் ஊசியைக் கீழே வைத்தாள், மூச்சை விட்டாள், சீசாவின் பெயரை முதலிலிருந்து படித்தாள். அடுத்த படுக்கைக்குப் போகும்போது சின்ன டாக்டர் வந்தார். "சிஸ்டர், ரெண்டு நிமிஷம்." அவள் காதில் விழுந்தது. உடம்பு முழுவதும் அந்தப் பக்கம் திரும்பத் துடித்தது. ஜூனியர் நர்ஸ் டாக்டரிடம் ரகசியம் பேசுகிறவளைப் போல, "பூட்டு தொங்குது சார்," என்றாள். டாக்டர் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்தார். ஆனால் அவள் மனது நகர்ந்துவிட்டிருந்தது. பட்டையைப் பார்த்தோமா என்று தெரியவில்லை. பார்த்ததாக மனசு சொல்லியது. அவள் அதை நம்பவில்லை. முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

அதற்குப் பிறகு ஏதோ மாறியது; எப்போது என்று அவளால் சொல்ல முடியவில்லை.

வார்டு என்றைக்கும் போலத்தான் இருந்தது. யாரோ இருமினார்கள், எங்கேயோ தட்டு விழுந்தது, நடைபாதையில் தள்ளுவண்டிச் சக்கரம் கிறீச்சிட்டது. அவள் தலைக்குள்தான் ரேடியோ நின்றுபோயிருந்தது. ஒரு ஸ்டேஷன்கூடப் பாடவில்லை. அவள் பயந்தே போனாள். பிறகு அந்தப் பயமும் போயிற்று. அங்கே இருந்தது ஒரு கை. மனிதக் கை. தோலுக்கடியில் நீலமாக ஓடும் நரம்பு, விட்டு விட்டுத் துடிப்பது தெரிந்தது. ஆயிரம் முறை தொட்டிருப்பாள். இப்படி ஒன்று துடித்துக்கொண்டிருப்பதை இன்றைக்குத்தான் பார்த்தாள். படுக்கைக்குப் படுக்கை ஒவ்வொரு கையாக வந்தது: தழும்பு உள்ள கை, மருதாணிச் சிவப்பு மங்கிய நகங்கள், சாக்பீஸ் பிடித்துத் தேய்ந்த விரல்கள். ஒவ்வொன்றும் அப்போதைக்கு உலகத்தில் இருந்த ஒரே கையாக இருந்தது. இவ்வளவு இடம் தனக்குள் இருந்ததா என்று அவள் பிரமித்தாள். இதைத்தான் அந்த மனிதர் தினமும் இருட்டுக்குள் இறங்கிப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தார் போலும். அதைக் குழாய் வேலை என்று நினைத்துக் கேலி செய்தோமே என்று நெஞ்சு நிறைந்து கண் கசிந்தது. கை மட்டும் அதன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

கடைசியில் ஜன்னலோரப் படுக்கை. பஸ் டிரைவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"பேரைச் சொல்லுங்க," என்றாள்.

"தெரியாதாக்கும்?"

"தெரியும். நீங்க சொல்லுங்க."

சொன்னார். பட்டையில் படித்தாள். சீசாவில் படித்தாள். அவர் கையை நீட்டினார். சளிக்கான ஊசி உள்ளே போனது அவருக்கே தெரியவில்லை.

"முடிஞ்சுதா?" என்றார். "இன்னிக்கு வண்டி குலுங்கவே இல்லையேம்மா."

அப்போதுதான் அவள் தன் கையைத் திருப்பிப் பார்த்தாள். அது சும்மா இருந்தது. எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியாது. மேட்ரனிடம் காட்டத் திரும்பினாள். ஓரத்தில் யாரும் இல்லை.

"அவங்க எப்பவோ போயிட்டாங்க சிஸ்டர்," என்றாள் ஜூனியர் நர்ஸ். "பாதி வார்டுகூட ஆகல. நீங்க பார்க்கலையா?"

"இல்லையே. ஏதாவது சொன்னாங்களா?"

"ரெக்கார்ட் ரூம் நாற்காலிக்கு வேற ஆளைப் பார்க்கணும்னு சொல்லிக்கிட்டே போனாங்க."

அவள் வண்டியை ஓரமாக நிறுத்தினாள். பையிலிருந்து சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தாள். போனை வாங்கிப் பார்த்தாள். எடுக்காத அழைப்பு ஒன்று இருந்தது. கணவர். வேலை நேரத்தில் ஒருநாளும் கூப்பிடாத மனிதர். ஜன்னல் பக்கம் போய் நின்று திருப்பிக் கூப்பிட்டாள்.

"என்னங்க, கூப்பிட்டீங்களா? ஏதாவது அவசரமா?"

"ஒண்ணுமில்ல."

"பின்ன?"

"எடுக்கறியான்னு பார்த்தேன்."

அந்தப் பக்கத்தில் அவர் சிரிக்கும் சத்தம் மெல்லக் கேட்டது.

"எடுக்கல," என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளை இவ்வளவு பெரிதாகப் புகழ்ந்ததில்லை. அவள் போனைத் தோளில் இடுக்கிக்கொள்ளாமல், கையால் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, வேறு எதுவும் செய்யாமல் அவர் சிரித்து முடிக்கும்வரை கேட்டுக்கொண்டு நின்றாள்.